டோல்படில் மரத்தடி

டோல்படிலுக்குப் போனபோது என் கண்ணில் முதலில் பட்டது உட்காரும் இடங்கள்தான். இங்கிலாந்தின் தென்மேற்கில், டார்செட் கவுண்டியில், பிடில் என்கிற சிற்றாற்றின் கரையில் இருக்கிற ஊர். ஊர் என்றால் பெரும்பாலும் ஒரே தெரு. நிதானமாக நடந்தால்கூட அரை மணிக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். அதற்குள், ஊர்ப் பசும்புல் திடலில் ஒரு வயதான மரம். அதை ஒட்டி ஓலைக்கூரை மாதிரி நாணல் வேய்ந்த ஒரு சிறு மண்டபம், உள்ளே நீளமான மர இருக்கை. தெருவின் இன்னொரு முனையில் அருங்காட்சியகத்துக்கு முன்னால் கல்லில் செதுக்கிய ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவர் பக்கத்தில் நாமும் உட்காரலாம். செயின்ட் ஜான் தேவாலயம், மெதடிஸ்ட் தேவாலயம், ஊர் மன்றம், ஒரு மதுக்கூடம். இவ்வளவு சின்ன ஊரில் பத்துப் பேர் கூடிப் பேச வேண்டுமென்றால் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. இதை நான் எண்ணிப் பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய நவம்பரில் ஓர் இரவு, நாங்கள் ஐந்து பேர் உட்கார இடம் தேடி அலைந்தோம். எல்லோரும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர்கள். காலை ஏழு மணிக்கு ஒரு வீடு, எட்டே காலுக்கு இன்னொன்று, இப்படி இரவு பத்து வரை போகும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கார் ஓட்டுகிற நேரத்துக்குச் சம்பளம் இல்லை. பதினைந்து மணி நேரம் தெருவில் இருப்போம், ஒன்பது மணி நேரத்துக்குத்தான் காசு வரும். சட்டப்படி அந்தப் பயணமும் வேலை நேரம்தான். குறைந்தபட்ச ஊதியம் கணக்கிடும்போது அதைச் சேர்க்க வேண்டும். இது எங்களில் ஒருவருக்குத்தான் முதலில் தெரிந்தது. திருநெல்வேலிப் பையன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன்தான் "ஒரு தடவை உட்கார்ந்து பேசுவோம்க்கா" என்றான்.

எங்கே உட்காருவது? நாங்கள் இருந்த வீடு நிறுவனமே பார்த்துக் கொடுத்த வீடு. நூலகம் ஆறு மணிக்கே மூடியாகிவிட்டது. மதுக்கூடத்துக்குப் போய்ப் பழக்கமில்லை, காப்பிக் கடைகளும் அடைத்தாகிவிட்டன. கடைசியில் ஒரு சூப்பர்மார்க்கெட் வண்டி நிறுத்துமிடத்தில் என் காருக்குள் ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வெளியே மழை. மூச்சுக்காற்றில் கண்ணாடி எல்லாம் புகைமூட்டமாகிவிட்டது. பின்சீட்டிலிருந்த மலையாளி அக்கா எல்லோருடைய போனையும் வாங்கி அணைத்து டாஷ்போர்டுக்குள் வைத்தார். நாங்கள் செய்தது, ஒரு கடிதம் எப்படி எழுதலாம் என்று பேசியது மட்டும்தான். ஆனாலும் வேலை போனால் 60 நாளுக்குள் எங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு நிறுவனம், அதாவது ஸ்பான்சர், கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டே போக வேண்டும் என்பது ஐந்து பேருக்கும் மனப்பாடம். ஊரில் வாங்கிய கடனும்தான்.

பத்து நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை, டீ போட்டுக் கொடுத்தார். "சிலர் கூடிப் பேசினீர்களாமே, நீங்களும் இருந்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. என் காரில் நடந்த கூட்டம் அது. அடுத்த வாரத்திலிருந்து தம்பியின் ரோட்டாவில், அதாவது வேலை அட்டவணையில், விசிட்கள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டு மாதத்தில் லெஸ்டர் பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டான். கிளம்பும்போது பிரஷர் குக்கரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆறும் ஊரும்

விசிட்டுக்காக ஏ35 சாலையில் போகும்போதெல்லாம் பழுப்பு நிறப் பலகை ஒன்றைப் பார்த்திருக்கிறேன், டோல்படில் தியாகிகள் அருங்காட்சியகம் என்று. ஏதோ போர் வீரர்கள் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக் கடந்துவிடுவேன். 1999-ல் புறவழிச்சாலை வந்த பிறகு வண்டிகள் ஊருக்குள் போவதில்லை, அதனால் யாரும் வேலை மெனக்கெட்டுத் திரும்பினால்தான் உண்டு. ஏப்ரலில் ஒரு விடுமுறை நாளில் திரும்பினேன்.

பிடில் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறிவரும் ஆறு. நம் ஆறுகளைப் போல மழைக்குப் பொங்கி வெயிலுக்கு வற்றுகிற குணம் அவ்வளவாகக் கிடையாது. மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, வடிகட்டி, மெதுவாக ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே குளிர்ச்சியில் ஓடும். இந்த வட்டாரத்தில் வாட்டர்கிரெஸ் என்கிற காரமான கீரையை இப்படிப்பட்ட தண்ணீரில்தான் பாத்திகட்டி வளர்க்கிறார்கள். ஊருக்குத் தெற்கே போய்க் குனிந்து பார்த்தேன். அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பச்சை நிற நீர்ப்பாசி முடிபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து அலைந்தது. முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஆனால் கரையோர ஊர்கள் பலவும் இந்த ஆற்றின் பேரைத்தான், படில் என்று கொஞ்சம் மாற்றி, சுமக்கின்றன: படில்டவுன், அஃப்படில், பிரையன்ட்ஸ்படில், டர்னர்ஸ்படில். டோல்படில் என்பதில் இருக்கிற டோலா, 11-ம் நூற்றாண்டில் இந்த நிலத்துக்கு உரியவளாக இருந்த ஒரு பெண். அவள் இதை ஆபட்ஸ்பரி மடத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பெண்ணின் பேரில் ஓர் ஊர் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு வளமானது, மண் வளமானது. உழுதவர்கள் நிலைமை வேறு. 1830-களில் இங்கே கூலி உழவனுக்கு வாரத்துக்கு 9 ஷில்லிங். பக்கத்து இடங்களில் 10 கிடைத்தது. தொழிலாளர்கள் போய்க் கேட்டார்கள். மற்ற இடத்துக்குச் சமமாகத் தருகிறோம் என்று பண்ணையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஊர்ப் பாதிரியார் சாட்சி. கொஞ்ச நாளில் கூலி 8 ஆனது, பிறகு 7. அடுத்தது 6 என்று சொன்னார்கள். சாட்சியாக இருந்த பாதிரியாரோ அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று மறுத்துவிட்டார். இந்தக் காசில் நேர்மையாகப் பிழைக்க முடியாது என்று ஜார்ஜ் லவ்லெஸ் எழுதியிருக்கிறார். உழவர், மெதடிஸ்ட் பிரசங்கி, அப்போது வயது 37. அருங்காட்சியகத்துக்கு முன்னால் கல்லில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

ஏன் மரத்தடி?

பேச வேண்டும், எங்கே பேசுவது? பெரிய தேவாலயம் அந்தப் பாதிரியாருடையது. மெதடிஸ்ட்களுக்கு 1818-ல் கட்டிய ஒரு சின்ன மண்சுவர் ஆலயம் இருந்தது, அது வழிபடும் இடம். குடிசைகளோ பண்ணையாளர் தயவில் கிடைத்தவை. அப்போது ஊர் மன்றமும் இல்லை, நாணல் மண்டபமும் இல்லை. இருந்தது மரம் ஒன்றுதான். திடலில் நிற்கிற அந்த சிகமோர் 1680-களில் முளைத்தது என்று சில ஆண்டுகளுக்கு முன் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அன்றைக்கே அதற்கு வயது 150.

நான் போன நாளில் இலை அப்போதுதான் விரிய ஆரம்பித்திருந்தது. அடிமரம் பருத்து, முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. பட்டை அங்கங்கே தட்டையான சில்லுகளாக உரிந்து, கீழே இளஞ்சிவப்பு தெரிந்தது. கையை வைத்துப் பார்த்தேன். வெயில் படும் பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் ஈரம். கிளைகள் தம் பாரத்தில் முறிந்துவிடாமலிருக்க அவ்வப்போது வெட்டிச் சீர்செய்கிறார்கள். கீழே நின்றால் தெருவின் இரண்டு பக்கமும் தெரிகிறது. யார் வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் காரில் மூச்சுக்காற்று படிந்த கண்ணாடியை மலையாளி அக்கா அடிக்கடி துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டே இருந்தது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. கூடிப் பேச ஓர் இடம் என்பதை ஊரின் வசதிகளில் ஒன்றாக நான் அதுவரை நினைத்ததே இல்லை. தண்ணீர், கடை, பள்ளிக்கூடம், பஸ், இவைதான் வசதி. ஆனால் மேலே இருப்பவர் கண்ணில் படாமல், காசு கொடுக்காமல், அரை மணி நேரம் உட்கார இடம் இல்லாவிட்டால் மற்றதைக் கேட்டு வாங்கவும் வழியில்லை.

1833-ல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள், விவசாயத் தொழிலாளர் நட்புறவுச் சங்கம் என்று. சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை, 1824-லேயே அந்தத் தடைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். டிசம்பரில் ஒரு நாள் தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் வீட்டு மாடியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் கண்ணைக் கட்டி, சங்க ரகசியத்தை வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் வாங்கினார்கள். அந்தச் சத்தியத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வட்டாரத்துப் பெரிய நிலக்கிழாரும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் ஃபிராம்ப்டன், கடற்படைக் கலகங்களுக்குப் பிறகு 1797-ல் கொண்டுவந்த சட்டவிரோதச் சத்தியத் தடைச் சட்டத்தைத் தேடி எடுத்தார். 1834 பிப்ரவரி 24 விடிகாலையில் ஆறு பேரைக் கைது செய்து டார்செஸ்டருக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள், ஏழு மைல். மார்ச்சில் விசாரணை. ஏழு ஆண்டு நாடுகடத்தல், ஆஸ்திரேலியாவுக்கு. நீங்கள் செய்ததற்காக அல்ல, மற்றவர்களுக்குப் பாடமாக இந்தத் தண்டனை என்று நீதிபதி சொன்னதாக லவ்லெஸ் எழுதுகிறார். அவர்கள் கப்பலேறிய பிறகு, மனைவி மக்கள் பிழைக்க வழியில்லாமல் ஊர் நிவாரணம் கேட்டபோது அதையும் ஃபிராம்ப்டன் தடுத்தார். சங்கத்துக்குக் கொடுக்கக் காசு இருந்ததே என்றாராம்.

அதே ஆண்டு, 1834 ஏப்ரல் 21 அன்று, லண்டனின் கோபன்ஹேகன் வெளியில் பல்லாயிரம் பேர் கூடி ஊர்வலம் போனார்கள். மனுவில் கையெழுத்துகள் லட்சக்கணக்கில் சேர்ந்தன. 1836 மார்ச்சில் முழு மன்னிப்புக் கிடைத்தது. இந்தப் பகுதி பள்ளிப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. சென்னையிலும் 1918-ல் பி.பி.வாடியா, திரு.வி.க. முதலியோர் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மேல் ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1926-ல்தான் இந்தியாவில் சங்கச் சட்டம் வந்தது. சங்கம் குற்றமில்லை என்று சொல்லிக்கொண்டே வேறு கதவு வழியாக வருவது இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பழகிய வழிதான்.

ஹாமெட்

அருங்காட்சியகத்தில் ஒரு பலகைக்கு முன்னால்தான் நான் நின்றுவிட்டேன். ஆறு பேரில் ஐந்து பேர் உறவுக்காரர்கள் அல்லது லவ்லெஸ் குடும்பத்தோடு நெருக்கமானவர்கள்: ஜார்ஜ் லவ்லெஸ், தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், மைத்துனர் தாமஸ் ஸ்டான்ஃபீல்ட், அவர் மகன் ஜான், அப்புறம் ஜேம்ஸ் பிரைன். ஆறாவது ஆள் ஜேம்ஸ் ஹாமெட். சத்தியம் வாங்கிய அந்த இரவு ஹாமெட் அந்த மாடியில் இல்லை. அவருடைய சகோதரர் ஜான்தான் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஜானின் மனைவி அப்போது கர்ப்பம். காட்டிக்கொடுத்த சாட்சி அடையாளம் சொன்னபோது ஆள் மாறிவிட்டது. ஹாமெட் திருத்தவில்லை.

ஒரே ஒரு வாக்கியம் போதும், "நான் அங்கே இல்லை." அதுவும் உண்மையான வாக்கியம். கைது செய்த காலையில் சொல்லியிருக்கலாம், ஏழு மைல் நடக்கும்போது எந்த இடத்திலும் சொல்லியிருக்கலாம், நீதிமன்றக் கூண்டில் நின்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கப்பலேறி, நியூ சவுத் வேல்ஸில் ஒரு பண்ணையில் கைதியாக உழைத்து, மற்றவர்கள் எல்லோரும் திரும்பிய பிறகு 1839-ல்தான் கடைசி ஆளாக ஊர் வந்து சேர்ந்தார். அதே வாக்கியத்தை நான் சொன்னேன், பொய்யாக, டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு. பலகைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் வந்த ஒரு குடும்பம் படிக்கக் காத்துக்கொண்டிருப்பது தெரிந்து நகர்ந்தேன்.

பயந்தவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள், கடன் பத்திரத்தில் அண்ணனின் கையெழுத்து. ஹாமெட்டுக்கும் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

திரும்பி வந்தவர்களுக்கு எஸ்ஸெக்ஸில் குத்தகை நிலம் எடுத்துக் கொடுத்தார்கள். அங்கேயும் நிலக்கிழார்களும் பாதிரியாரும் அவர்களைச் சும்மா விடவில்லை. 1840-களில் ஐந்து குடும்பங்கள் கனடாவுக்குப் போய், ஒன்டாரியோவின் லண்டன் பக்கம் குடியேறிவிட்டன. அங்கே பழைய கதையைப் பேசுவதில்லை என்று முடிவுசெய்து, பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வாழ்ந்தார்கள் என்கிறார்கள். ஹாமெட் மட்டும் டோல்படிலுக்கே வந்தார். பண்ணை வேலையை விட்டுக் கட்டட வேலைக்குப் போனார். 1875-ல் விவசாயத் தொழிலாளர் சங்கம் அவருக்கு ஒரு கடிகாரம் பரிசளித்தது. வயதாகிக் கண் பார்வை மங்கியபோது குடும்பத்துக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்று டார்செஸ்டரின் ஏழைகள் இல்லத்துக்குத் தானே போய்ச் சேர்ந்து, 1891-ல் அங்கேயே இறந்தார். புதைக்கும்போது சங்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிவிடாதபடி நிலக்கிழார் ஒருவர் வந்து நின்றாராம். நான் பார்த்துக்கொள்ளும் முதியவர்களில் இப்படித் தானே முடிவெடுத்து வீட்டைவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் போட்டோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பார்கள். ஹாமெட்டைக் கடைசி நாட்களில் யார் குளிப்பாட்டியிருப்பார்கள், யார் சோறு ஊட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அவருடைய கல்லறை செயின்ட் ஜான் தேவாலயத்து முற்றத்தில் இருக்கிறது. தலைமாட்டுக் கல்லை சிற்பி எரிக் கில் செதுக்கினார், 1934-ல். இறந்து 43 ஆண்டு கழித்து. அந்த நூற்றாண்டு நினைவில்தான் ஊரின் பல வசதிகள் வந்தன. நாணல் மண்டபத்தைப் பெருவணிகர் சர் எர்னஸ்ட் டெபன்ஹாம் கட்டிக்கொடுத்தார். தொழிற்சங்கப் பேரவை ஓய்வுபெற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கென்று ஆறு வீடுகள் கட்டி, வீட்டுக்கு ஒருவராக ஆறு பேரின் பெயரையும் வைத்தது. ஹாமெட் உயிரோடிருந்தபோது அப்படி ஒரு வீடு அவருக்கு வேண்டியிருந்தது. பழைய மண்சுவர் ஆலயம் பல காலம் பண்ணைக் கொட்டகையாகக் கிடந்தது, இப்போது மீட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் சங்கங்கள் கொடியும் பதாகையுமாகத் தெரு முழுக்க ஊர்வலம் வருகின்றன, கல்லறையில் மலர்வளையம் வைக்கிறார்கள். ஊரின் மதுக்கூடத்துக்குக்கூடத் தியாகிகள் பெயர்தான். ஆறு பேரில் ஐந்து பேரை வாழவிடாத ஊர் இன்று அவர்கள் பெயரைச் சொல்லித்தான் விருந்தாளிகளை வரவேற்கிறது. இதில் எனக்குக் கசப்பு இல்லை. அந்த வீடுகளில் யாரோ ஒரு வயதானவர் ஜன்னலோரம் செடி வைத்திருந்ததைப் பார்க்க நிறைவாக இருந்தது.

சாயங்காலம் நாணல் மண்டபத்தில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டேன். ஹாமெட்டின் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் குறுக்கே பேசாமல் கேட்டான். அப்புறம் மேனேஜர் அறையில் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். ஐந்து மாதமாகத் தொண்டையில் நின்றது.

"அன்னைக்கே தெரியும்க்கா," என்றான். "அவரே சொன்னாரு, நீங்க யாரும் வரலைன்னு சொல்லிட்டதா. நான் மட்டும் தனியா பேசினேன்னு சொல்லிட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பின்னணியில் அவன் சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. குக்கர் இல்லாமல் சோறு எப்படி வடிக்கிறாய் என்று கேட்டேன். சட்டியில்தான், குழைந்துவிடுகிறது என்றான். ஜூலையில் ஊர்வலம் இருக்கிறது, வருகிறாயா என்றேன். ரோட்டா பார்த்துச் சொல்கிறேன் என்றான்.